கடை வாசலில் ஆபாசப் படம்: அகற்ற வைப்பது எப்படி?

பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கும் கடைப் படங்களைப் பற்றிக் கொடுக்கும் புகார்கள் பல, எடுத்த வேகத்திலேயே மூடப்படுகின்றன. உள்ளாடை பொம்மை, கம்பெனி விளம்பரம், 'ஆண்மை' மருந்து நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'ஆபாசம்' என்று எழுதிக் காவல் நிலையத்தில் நீட்டுவதுதான் அதற்கு முக்கியக் காரணம். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, கேட்க வேண்டிய அலுவலகமும் வேறு. எனவே வகை பிரிப்பதுதான் முதல் வேலை. இங்கே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை.

எது எந்த வகை?

உள்ளாடை மாட்டிய பொம்மை சட்டவிரோதம் அல்ல. 2013-இல் மும்பை மாநகராட்சி மன்றம் இத்தகைய பொம்மைகளுக்கு எதிராகத் தீர்மானமே போட்டது. ஆனால் தீர்மானம் வேறு, தண்டிக்கும் சட்டம் வேறு. வெறும் அரைகுறை உடை ஆபாசம் ஆகிவிடாது என்பதை 2014-இல், பத்திரிகையில் வந்த ஒரு படத்தைப் பற்றிய அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. படம் காம இச்சையைத் தூண்டும் நோக்கில் இருக்கிறதா என்பதை இன்றைய சமூகத்தின் பார்வையில், படத்தை முழுமையாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பெண்கள் தங்களுக்கு வேண்டிய உள்ளாடையைப் பார்த்து வாங்க பொம்மை தேவைப்படுகிறது, அதில் தவறில்லை. இங்கே புகார் எடுபடாது. கடைக்காரரிடம் பேசினால்தான் வேலை நடக்கும்.

இரண்டாவது, கம்பெனி அனுப்பும் ஸ்டாண்டி (தரையில் நிற்க வைக்கும் விளம்பரப் பலகை), ஃப்ளெக்ஸ், கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர். இவற்றைத் தேர்ந்தெடுத்தது கடைக்காரர் அல்ல. விற்பனைப் பிரதிநிதி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. இதில் கம்பெனியைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பேருந்து நிலையத்திலும் கழிப்பறைச் சுவரிலும் மருந்துக்கடைக் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் 'ஆண்மைக் குறைவு', 'தாம்பத்திய சுகம்' நோட்டீஸ்கள். இவை ஆபாசமா இல்லையா என்று வாதாடவே தேவையில்லை. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபணைக்குரிய விளம்பரங்கள்) சட்டம், 1954-இன் பிரிவு 3, பாலுறவு இன்பத்துக்கான திறனைக் கூட்டுவதாகச் சொல்லும் மருந்து விளம்பரத்தையே தடை செய்கிறது. படமே இல்லாமல் வெறும் எழுத்தாக இருந்தாலும் குற்றம்தான். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதிவு பெற்ற மருத்துவர் தன் மருத்துவமனையில், இன்ன நோய்க்குச் சிகிச்சை தரப்படும் என்று வைக்கும் பலகைக்கு விலக்கு உண்டு. தெருச் சுவரில் ஒட்டியதற்கு அந்த விலக்கு கிடையாது.

நான்காவது, உண்மையிலேயே ஆபாசமான படமோ பொருளோ. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 294 இதற்குரியது. முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்றாலோ காட்டினாலோ பிரிவு 295. சிறை மூன்று ஆண்டு வரை போகும். விளம்பரத்தில் பெண்ணுடலை இழிவாகக் காட்டியிருந்தால் பெண்களை இழிவாகச் சித்தரித்தல் (தடை) சட்டம், 1986-இன் பிரிவு 3-உம் 6-உம். கோயில் சிற்பப் படம், கலை, மருத்துவ விளக்கப் படம் இவற்றுக்கு விலக்கு இருப்பதால் அவற்றை இழுக்காதீர்கள். ஆணுறைப் பெட்டிகளையும் எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளையும் புகாரில் சேர்க்கவே கூடாது. அவை பொதுச் சுகாதாரத்துக்கானவை. அவற்றைச் சேர்த்தால் மொத்தப் புகாரும் கலாச்சாரக் காவலாகத்தான் பார்க்கப்படும்.

முதலில் பேச்சு

வாரநாள் காலை 11 மணிக்கு மேல், வாடிக்கையாளர் கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். இரண்டு பேர் போதும். பத்துப் பேர் போனால் மிரட்டலாகிவிடும். கல்லாவில் முதலாளி இருக்கும்போது பேசுங்கள், விற்பனைப் பெண்களிடம் அல்ல. அவர்களால் எதையும் மாற்ற முடியாது, திட்டு மட்டும் அவர்களுக்கு விழும்.

'எடுத்துடுங்க' என்று கேட்பதைவிட 'இடம் மாத்துங்க' என்று கேட்டால் பலன் அதிகம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்கிறது. வாசலில் நிற்கும் ஸ்டாண்டியின் நடுப்பகுதியும் ஏறக்குறைய அதே உயரம்தான். அதனால்தான் பெரியவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகும் படம் பிள்ளையின் முகத்துக்கு நேரே நிற்கிறது. இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "அண்ணே, இந்த ஸ்டாண்டிய மட்டும் உள்பக்கம் திருப்பி வெச்சுக்கலாமா? பள்ளிக்கூடம் விட்டா பிள்ளைங்க இப்படித்தான் வருதுங்க." பொம்மை என்றால் இரண்டாவது வரிசைக்கு நகர்த்தலாம், மேலே ஒரு நைட்டி மாட்டலாம், கண்ணாடியின் கீழ் நான்கு அடிக்குப் பனிக்கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டலாம். வியாபாரத்துக்கு இழப்பில்லாத யோசனை ஒன்றைக் கையோடு கொண்டுபோனால், மறுக்கக் காரணம் கிடைக்காது.

ஆதாரம்

பேச்சில் தீராவிட்டால் மூன்று படங்கள் எடுங்கள். ஒன்று, பெயர்ப்பலகையும் கதவு எண்ணும் தெரியும்படி முழு முகப்பு. இரண்டாவது, காட்சிப்படத்தின் நெருக்கம். ஃப்ளெக்ஸ் அல்லது நோட்டீஸ் என்றால் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகப் பெயரும் தொலைபேசி எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். மூன்றாவது, எதிர்ப்புறத்திலிருந்து, பள்ளி வாசலோ பேருந்து நிறுத்தமோ சேர்ந்து விழும்படி. கைப்பேசியை இடுப்பளவுக்கு இறக்கி ஒரு படம் கூடுதலாக எடுத்தால் பிள்ளையின் பார்வை உயரம் அதிகாரிக்கு விளக்கமில்லாமல் புரியும். எந்தப் பிள்ளையின் முகமும் படத்தில் விழக்கூடாது.

எடுத்த மூலக் கோப்பைக் கைப்பேசியிலேயே அழியாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைவதோடு, படத்தோடு இருந்த நாள், நேரம், இட விவரமும் போய்விடும். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்க பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி சான்று தேவை. மூலக் கோப்பு இல்லாவிட்டால் அது சிக்கலாகும். படத்தைத் தெருக் குழுவிலோ சமூக ஊடகத்திலோ பரப்பாதீர்கள். எந்தப் படத்தைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்கிறீர்களோ, அதை நீங்களே நூறு கைப்பேசிகளுக்கு அனுப்பியதாகிவிடும்.

எங்கே கொடுப்பது

கம்பெனி விளம்பரம் என்றால் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில். கட்டணம் இல்லை, வலைதளத்திலேயே புகார் தரலாம். பொருளின் பெயர், பார்த்த இடம், நாள், படம் நான்கும் வேண்டும். இது தொழில்துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு, தண்டிக்காது. ஆனால் பெரிய கம்பெனிகள் அதன் முடிவைத் தட்டுவது குறைவு. ஒரு கடை வாசலில் எடுக்க வைப்பதைவிட இது பெரிய பலன், அந்தப் படம் எல்லா ஊரிலிருந்தும் போகும்.

ஆண்மை நோட்டீஸுக்கு மருந்து ஆய்வாளர். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் இந்திய மருத்துவத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் மனு மேசை மேசையாகச் சுற்றும். நோட்டீஸிலுள்ள தொலைபேசி எண்ணை மனுவில் தனி வரியாக எழுதுங்கள், ஆளைத் தேடும் வேலை பாதி முடிந்துவிடும்.

பொதுச் சுவர், மின்கம்பம், மேம்பாலத் தூண் என்றால் உள்ளாட்சி. தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் (உருக்குலைப்புத் தடுப்பு) சட்டம், 1959 இருக்கிறது. படத்தில் என்ன இருந்தாலும் அனுமதியின்றி ஒட்டியதே குற்றம். சென்னையில் மாநகராட்சியின் புகார் எண் 1913, பிற ஊர்களில் 'முதல்வரின் முகவரி' உதவி எண் 1100, அல்லது ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டம். ஒப்புகை எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

நான்காம் வகைக்கு மட்டும் காவல் நிலையம். வழக்குப் பதியாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான காவல் நிலைய ஒப்புகை) கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173(4)-இன்படி, அதே புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரத்தில் காவல் ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 'சமுதாயம் சீரழிகிறது' என்ற வரி வேண்டவே வேண்டாம். இப்படி எழுதலாம்: "மேற்படி கடையின் வாசலில், தரையிலிருந்து சுமார் 5 அடி உயரமுள்ள விளம்பரப் பலகை சாலையை நோக்கி வைக்கப்பட்டுள்ளது. அதில் உள்ளது: (படத்தில் இருப்பதை அடைமொழி இல்லாமல் இரண்டு வரியில்). இங்கிருந்து ... பள்ளி ... மீட்டர் தொலைவில் உள்ளது. கடை உரிமையாளரிடம் ... தேதியில் நேரில் கேட்டும் மாற்றவில்லை. பலகையை அகற்றவோ உட்புறம் மாற்றவோ நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

போக்சோ சட்டத்தை (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) மேற்கோள் காட்டாதீர்கள். அதற்குப் பாலியல் நோக்கத்தோடு குழந்தையிடம் நடந்துகொண்டது நிரூபணமாக வேண்டும். கடை வாசல் படத்துக்கு அது பொருந்தாது, பொருந்தும் சட்டத்தையும் சேர்த்துப் பலவீனமாக்கிவிடும். கோபத்தில் பலகையைக் கிழித்தாலோ, சொத்தைச் சேதப்படுத்தியதாக உங்கள் மேல்தான் வழக்கு வரும்.

ஒரு மாதமாகியும் அரசு அலுவலகம் அசையவில்லை என்றால், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள்: என் மனு இன்று யார் மேசையில் இருக்கிறது, எடுத்த நடவடிக்கை என்ன? 30 நாளில் பதில் தர வேண்டும். தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயங்களில் கம்பெனிகள் புதுப் பலகைகளை இறக்கும். அப்போது மறுபடி ஒருமுறை கடைப்பக்கம் போய்ப் பார்த்து, முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.