டேர், டீ, டாஸ்: அர்த்தத்த விடுங்க, வார்த்தையோட வாலப் பாருங்க

ஜெர்மன் கத்துக்க ஆரம்பிச்ச நம்ம ஆளுங்க ஏ1ங்கிற ஆரம்ப லெவல முடிக்கிறதுக்குள்ள எப்படியும் கேட்டுடுற கேள்வி, மேசை ஏன் ஆண்பால், விளக்கு ஏன் பெண்பால், புத்தகம் ஏன் ரெண்டும் இல்லாத ஒண்ணு. பால காட்ட பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற குட்டி வார்த்தைதான் ஆர்ட்டிகிள், ஆண்பால்னா டேர், பெண்பால்னா டீ, ரெண்டும் இல்லன்னா டாஸ். பொருளுக்குள்ள காரணம் தேடாதீங்க, கிடைக்காது. சாப்பாட்டு மேசையவே பாருங்க, ஸ்பூன் டேர் லொஃபல், முள்கரண்டி டீ காபல், கத்தி டாஸ் மெஸ்ஸர், மூணும் ஒரே ட்ராயர்ல கெடக்குது, ஆனா மூணுக்கும் மூணு ஆர்ட்டிகிள். சின்னப் பொண்ணுக்குக் கூட டாஸ் மேட்ஷென்தான்.

நமக்கு இது ஏன் பழக மாட்டேங்குதுன்னா தமிழ்ல பால்ங்கிறது அர்த்தத்துல இருந்து வருது, மனுஷங்கன்னா அவன் அவள் அவர், மத்த எல்லாத்துக்கும் அது, அவ்வளவுதான். ஜெர்மன்ல பால் இருக்கிறது வார்த்தைக்கு, பொருளுக்கு இல்ல. அதனால சாவி எங்கன்னு ஒருத்தர் கேட்டா, சாவி டேர் ஷ்லுஸல்ங்கிறதால, பதில்ல "ஏர் லீக்ட் அவுஃப் டேம் டிஷ்"னு, அதாவது 'அவன் மேசை மேல இருக்கான்'ங்கிற மாதிரி வரணும், நம்ம வாய் பழக்கத்துல அதுன்னு நெனச்சு "எஸ்"னு ஆரம்பிச்சுடும். ஆர்ட்டிகிள் ஒண்ணு தப்பாச்சுன்னா அதுக்கப்புறம் வர்ற ப்ரோநவுன், அட்ஜெக்டிவ் எண்டிங், வேற்றுமை எல்லாமே வரிசையா தப்பாகும், அதனாலதான் அப்புறம் பாத்துக்கலாம்னு இத தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றேன், பி1ங்கிற நடு லெவலுக்கு வந்தப்புறம் ஆயிரக்கணக்கான வார்த்தைய திரும்ப மொதல்லேருந்து படிக்கிறது கொடுமை.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? வார்த்தையோட கடைசி எழுத்துகள்ல. அதுலயும் மொதல்ல டீ-ய புடிங்க, ஏன்னா டூடன் அகராதியில இருக்கிற பெயர்ச்சொற்கள்ல டீ வார்த்தைங்கதான் மத்த ரெண்ட விட அதிகம், அதுல நெறைய வார்த்தைக்கு வாலே காட்டிக் குடுத்துடும். உங்-னு முடிஞ்சா டீ. ஜெர்மனி போய் இறங்குன முதல் மாசம் காதுல விழுற வார்த்தைகள யோசிங்க, வீடு டீ வோனுங், பில் டீ ரெஹ்னுங், இன்ஷூரன்ஸ் டீ ஃபெர்ஸிஹெருங், டவுன் ஆஃபீஸ்ல அட்ரஸ் பதியிறது டீ அன்மெல்டுங், எல்லாமே உங். (டேர் ஷ்ப்ருங் மாதிரி ஒரே அசையில முடியிற குட்டி வார்த்தைங்க இதுல சேராது, அங்க உங் வேர்லயே இருக்கு, வாலா ஒட்டினது இல்ல.) அதே மாதிரி ஹைட், கைட், ஷாஃப்ட், ட்ஸியோன், டேட், இந்த அஞ்சும் டீ. டீ க்ராங்க்ஹைட், டீ மோக்லிஷ்கைட், டீ ஃப்ராய்ன்ட்ஷாஃப்ட், டீ ஸ்டாட்ஸியோன், டீ உனிவெர்ஸிடேட். இந்த ஆறு வாலையும் கண்ண மூடிட்டு நம்பலாம்.

அடுத்து ஏ-ல முடியிற வார்த்தைங்க, லாம்பே, ஷூலே, ஸ்ட்ராஸே, ப்ளூமே, பெரும்பாலும் டீதான், ஆனா இங்க கொஞ்சம் ஜாக்கிரதை, டேர் நாமே, டேர் கேஸே, டாஸ் எண்டே, டாஸ் ஆவ்கே எல்லாம் விதிவிலக்கு, அதோட பையன், சக ஊழியர், கஸ்டமர் மாதிரி ஆம்பளைங்கள சொல்ற யூங்கே, கொலேகே, குண்டே எல்லாம் டேர். இத ஒரு தனிப் பக்கத்துல எழுதி வச்சுக்குங்க, அடிக்கடி வர்றது கொஞ்சம்தான்.

டாஸ்-க்கு வந்தா, ஷென், லைன்னு முடிஞ்சா எப்பவுமே டாஸ், ஏன்னா அது சின்னதாக்குற வால், எந்த வார்த்தையில ஒட்டினாலும் பழைய பால அழிச்சுட்டு டாஸ் ஆக்கிடும். மேட்ஷென் டாஸ் ஆனதுக்குக் காரணம் இந்த வால்தான், பொண்ணப் பத்தி யாரும் எதுவும் நெனச்சதால இல்ல. பேக்கரில வாங்குற டாஸ் ப்ரோட்ஷெனும் இதே கதை. உம்-னு முடியிற லத்தீன் வார்த்தைங்க, டாஸ் விஸும், டாஸ் டாட்டும், டாஸ் ட்ஸென்ட்ரும், அதுவும் டாஸ். வினைச்சொல்ல அப்படியே பெயர்ச்சொல்லா ஆக்குனா அதுவும் டாஸ், சாப்பிடுறது டாஸ் எஸ்ஸன், நீச்சல் டாஸ் ஷ்விம்மன்.

டேர்-க்கு வால விட குரூப் உதவும். கிழமை, மாசம், பருவம், திசை எல்லாம் டேர், டேர் மோன்டாக், டேர் யானுவார், டேர் ஸொம்மர், டேர் நோர்டன். லிங், இஸ்முஸ்னு முடியிறதும் டேர். வேலை செய்றவங்கள சொல்ற எர், டேர் லேரர் மாதிரி, அதுவும் டேர், ஆனா எர் சத்தம் கேட்ட ஒடனே டேர் போட்டுடாதீங்க, டீ பட்டர், டாஸ் ஃபென்ஸ்டர், டாஸ் ட்ஸிம்மர்னு நெறைய ஏமாத்தும். என்னைக் கேட்டா எர்ல முடியிற பொருள்கள விதியா படிக்காம ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்றதுதான் நல்லது.

நீளமான வார்த்தையப் பாத்து பயப்படாதீங்க, ஜெர்மன்ல ஒட்டு வார்த்தையோட பால கடைசி வார்த்தைதான் முடிவு பண்ணும். ஹவுஸ் டாஸ், அதனால ஆஸ்பத்திரி டாஸ் க்ராங்கன்ஹவுஸ். ஆனா வீட்டுக் கதவு டீ ஹவுஸ்ட்யூர், ஏன்னா கடைசில இருக்கிற கதவு டீ. சொல்லாம விட்ட வார்த்தை கூட வேலை செய்யும், பிஎம்டபிள்யூ காருக்கு டேர், பிஎம்டபிள்யூ பைக்குக்கு டீ, மனசுக்குள்ள டேர் வாகன், டீ மஷீனே இருக்கிறதால.

இப்ப முக்கியமான ஒரு பொறி. நெறைய பேரு காதால கேட்டு ஆர்ட்டிகிள் கத்துக்கலாம்னு நெனைக்கிறாங்க, "மிட் டேர் பான்" (ரயில்ல), "இன் டேர் ஷூலே" (ஸ்கூல்ல)ன்னு கேட்டுட்டு பானும் ஷூலேயும் டேர்னு மனசுல பதிஞ்சுடுது. ரெண்டுமே டீ. நம்ம வேற்றுமை உருபு வார்த்தை முடிவுல ஒட்டுது, மேசை-யை, மேசை-க்கு, அவங்களுக்கு அது பெரும்பாலும் முன்னாடி இருக்கிற ஆர்ட்டிகிள்ல மாறுது, டாட்டிவ்ங்கிற வேற்றுமைல டீ வந்து டேர் ஆகுது, டேரும் டாஸும் டேம் ஆகுது. அதனால ஆர்ட்டிகிள எப்பவும் நாமினேட்டிவ்ல, அதாவது வார்த்தை எழுவாயா வர்ற எடத்துல, இருந்து மட்டும் எடுங்க. நம்ம ஐ-உருபு வர்ற அக்குஸாட்டிவ்ல நிம்மதி, டேர் மட்டும் டேன் ஆகும், டீயும் டாஸும் அப்படியே இருக்கும்.

மனப்பாடம் பண்றதுக்கு நான் சொல்றது இது. வெறும் டேர் டிஷ்னு மட்டும் படிக்காம பெருசுங்கிற அட்ஜெக்டிவையும் சேத்து சத்தமா சொல்லுங்க, ஐன் க்ரோஸர் டிஷ், ஐனே க்ரோஸே லாம்பே, ஐன் க்ரோஸஸ் பூக். டேர்ல இருக்கிற ர், டீ எழுதுறப்ப கடைசில வர்ற ஏ, டாஸ்ல இருக்கிற ஸ், மூணும் அட்ஜெக்டிவோட நுனில வந்து நிக்கும், ஒரே மூச்சுல ரெண்டு பாடம் முடிஞ்சுது. ப்ளூரலையும் கூடவே எழுதுங்க, அதுவும் துப்பு குடுக்கும், கிண்ட் கிண்டர், பூக் பூஷர்னு எர் சேத்து ப்ளூரல் ஆகுற வார்த்தை டீயா இருக்காது, பெரும்பாலும் டாஸ், சிலது டேர். நெறைய பாடப்புத்தகத்துல பண்ற மாதிரி டேர்-க்கு நீலம், டீ-க்கு சிவப்பு, டாஸ்-க்கு பச்சைன்னு பேனா மாத்தி எழுதினா கண்ணுக்கும் பழகும். சென்னையில மேக்ஸ் முல்லர் பவன்னு நாம சொல்ற கோத்தே இன்ஸ்டிட்யூட்டோட வெப்சைட்ல ஏ1 வார்த்தை லிஸ்ட் இலவசமா கிடைக்குது, சுமார் 650 வார்த்தை, ஆர்ட்டிகிளோட ப்ளூரலோட இருக்கு, வேற எங்கயும் தேடாம அதுலயே ஆரம்பிங்க. ஒரு நாளைக்கு பத்து வார்த்தை போதும், ஆனா அந்தப் பத்தையும் மறுநாள் ஆர்ட்டிகிள மறைச்சு வச்சு சொல்லிப் பாக்கணும்.

ஆர்ட்டிகிள் ரெண்டு விதமா காதுல விழுந்தா குழம்பாதீங்க, ஜெர்மனில டீ கோலா, ஆஸ்திரியால டாஸ் கோலா, அங்கங்க அது சரிதான். ஸே மாதிரி சிலதுல ஆர்ட்டிகிள் மாறுனா பொருளே மாறும், டேர் ஸேன்னா ஏரி, டீ ஸேன்னா கடல், அதான் டேர் போடன்ஸே, டீ நோர்ட்ஸே.

பேசிட்டு இருக்கும்போது ஞாபகம் வரலன்னா பாதியில நிக்காதீங்க, டேரும் டீயும் கலந்து வாய்க்குள்ளயே முனகவும் வேண்டாம். வால் தெரிஞ்சா அத வச்சு சொல்லுங்க, இல்லன்னா ப்ளூரல் தெரிஞ்சா ப்ளூரல்ல சொல்லிடுங்க, அங்க மூணு பாலுக்கும் டீ ஒண்ணுதான், ரெண்டும் இல்லன்னா ஏதோ ஒண்ண தைரியமா சொல்லிட்டுப் போங்க, எதிர்ல இருக்கிறவங்களுக்குப் புரியும், அன்னைக்கே டூடன்ல அந்த வார்த்தையப் பாத்து நோட்டுல ஏத்திடுங்க.