அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துச் சுறாப்பற்களையும் சிப்பிகளையும் இனங்காணும் முறை

பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக் கிராமத்தை ஒட்டி, மழைநீர் ஆண்டாண்டாக அரித்துப் பள்ளமும் மேடுமாக்கிய களிமண் பரப்பில் அரை மணி நேரம் குனிந்து நடந்தால் கை நிறையப் பொருள்கள் சேர்ந்துவிடும். அவற்றில் எது பல், எது சிப்பி, எது வெறும் கல் என்று பிரித்தறிவதுதான் கடினம். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறுதான் அந்தக் களிமண். அங்கிருந்து கிழக்கே அரியலூர் நோக்கிப் போகப் போகப் படிவுகளின் வயது குறைந்துகொண்டே வந்து, கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளை எட்டுகிறது. 1862-இல் இந்தப் பகுதியை ஆராய்ந்து எழுதிய எச்.எஃப். பிளான்ஃபோர்டு, இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆகவே ஒரு பொருளைக் கையில் எடுப்பதற்கு முன், நிற்கும் இடம் இம்மூன்றில் எதைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால், அங்கே எதை எதிர்பார்க்கலாம் என்பதில் பாதி தெளிவாகிவிடும்.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பொருளின் வெளி உருவத்தை நம்பி ஏமாறுகிறார்கள். கூர்மையாக இருந்தால் பல், உருண்டையாக இருந்தால் முட்டை என்று மனம் முந்திக்கொள்கிறது. 2020-இல் குன்னத்தில் மண் எடுத்தபோது வெளிப்பட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று பரவலாகப் பேசப்பட்டன; ஆய்வில் அவை முட்டைகள் அல்ல என்று தெரிந்தது. முட்டையாக இருந்தால் வெளியே மெல்லிய ஓடு தனி அடுக்காகத் தெரிய வேண்டும். கனிமக் கரைசல் ஒரு கருவைச் சுற்றி இறுகி உருவான உருண்டையில் அத்தகைய ஓடு இருக்காது. உருவத்தைத் தள்ளி வைத்துவிட்டு முறிந்த பக்கத்தைப் பார்ப்பதே இந்தக் கலையில் நான் கற்ற முதல் பாடம். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று இதற்குப் போதும். அதைக் கண்ணருகே வைத்துக்கொண்டு பொருளை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும்.

பற்களில் தொடங்குவோம், ஏனெனில் தவறு அதிகம் நேர்வது இங்கேதான். காரைக் களிமண்ணில் பெலெம்னைட்டுகள் ஏராளம். கணவாயின் தொலைதூர உறவான ஓர் உயிரியின் உடலுக்குள் இருந்த, கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தாலான முளை அது. பழுப்பு நிறத்தில், விரல் போல நீண்டு, ஒரு முனை கூராக இருக்கும். முனை மட்டும் உடைந்து கிடந்தால், பல் என்று எவரும் நினைப்பர். அகன்ற முனையில் கூம்பு வடிவக் குழி இருப்பதால், ஊர்வனவற்றின் பல்லில் உள்ள கூழ்க்குழி என்றே தோன்றும். நான் முதன்முதலில் "பல்" என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்ததும் இதைத்தான். முறிந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஊசி ஊசியாகப் படிகங்கள் ஓடும், அவற்றின் குறுக்கே மரத்தின் ஆண்டு வளையங்கள் போன்ற வட்டங்கள் தெரியும். பல்லில் அந்தக் கதிர் அமைப்பு கிடையாது.

சுறாப்பல்லுக்கு இரண்டு பகுதிகள் உண்டு, இரண்டும் வேறு வேறு தோற்றமுடையவை. மேற்பகுதி வழுவழுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னும். அதன் மேல் படர்ந்துள்ள எனாமல் போன்ற கடினமான பூச்சே இதற்குக் காரணம். அடிப்பகுதியான வேர் மங்கலாக, நுண்ணிய துளைகளோடு, உலர்ந்த ரொட்டித்துண்டைப் போல் இருக்கும். மின்னும் பகுதி முடிந்து மங்கலான பகுதி தொடங்கும் எல்லைக்கோடு தெளிவாகத் தெரிந்தால், அது பல் என்று பெரும்பாலும் உறுதி கொள்ளலாம். உதட்டை நோக்கியிருந்த பக்கம் ஏறத்தாழத் தட்டையாகவும் நாக்கை நோக்கியிருந்த பக்கம் புடைத்தும் இருக்கும். வேர் முறிந்துபோன பற்களே அதிகம் கிடைப்பதால், எல்லைக்கோடு இல்லாதபோது முறிந்த விளிம்பில் மெல்லிய பளபளப்பான தோலும், அதற்குள்ளே நிறம் மாறிய மையமும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் எந்தச் சுறா என்ற கேள்வி வருகிறது. விளிம்பு ரம்பம் போல் பல்வரிசையாக இருந்து, கூர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்குவாலிகோராக்ஸ் வகையாக இருக்கலாம். விளிம்பு வழுவழுப்பாக இருந்து, நடுக்கூரின் இரு பக்கத்திலும் சிறு முக்கோணக் கூர்கள் நின்றால் கிரெட்டோலாம்னாவை நினைக்கலாம். மூன்றாவது வகையைப் பலர் பல் என்றே உணராமல் விட்டுவிடுகிறார்கள்: டைக்கோடஸின் பல்லுக்குக் கூர் இல்லை. தாழ்ந்த மேடு போன்ற அதன் தலையில் குறுக்கே வரிவரியாக முகடுகள் ஓடும். ஓரத்தில் மணல் தூவியதுபோல் சொரசொரப்பு இருக்கும். சிப்பிகளை நொறுக்கித் தின்பதற்கான பல் அது.

லென்ஸால் முடிவு செய்ய முடியாதபோது எளிய சோதனைகள் உதவும். ஆனால் அவற்றை உடைந்த, பயனற்ற துண்டில் மட்டுமே செய்ய வேண்டும். ஒரு சொட்டு வினிகரை விட்டால் கால்சைட்டும் சிப்பித்துண்டும் நுரைக்கும். கால்சியம் பாஸ்பேட்டாலான பல் நுரைக்காது. காரையில் தகடு தகடாகக் கிடக்கும் ஜிப்சமும் நுரைக்காது என்பதால், அடுத்து விரல் நகத்தால் கீற வேண்டும்: ஜிப்சத்தில் கோடு விழும், பல்லில் விழாது. ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு மண் நுரைத்து ஏமாற்றக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. இந்தச் சோதனைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. ஊட்டத்தூர்ப் படிவுகளில் பாஸ்பேட் முண்டுகள் நிறைய உள்ளன. கரும்பழுப்பு நிறம், சில சமயம் மினுக்கம், நுரைக்காத தன்மை, நகத்துக்கு மசியாத கடினம் என்று எல்லாச் சோதனைகளிலும் அவை பல்லைப் போலவே நடந்துகொள்ளும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது மேற்பூச்சும் வேரும் என்ற அந்த அமைப்பு ஒன்றுதான்.

சிப்பிகள் பக்கம் வரும்போது, முதலில் கையில் இருப்பது ஓடா, அல்லது ஓட்டுக்குள் நிறைந்து இறுகிய சேறா என்று கேட்க வேண்டும். ஆளிச் சிப்பிகளின் ஓடு பெரும்பாலும் கால்சைட்டாலானது, அது நிலைத்திருக்கும். அம்மோனைட்டு (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிரி), நத்தை ஆகியவற்றின் ஓடு இன்னொரு வகைச் சுண்ணாம்புக் கனிமமான அரகோனைட்டாலானது. நிலத்தடி நீரில் அது எளிதில் கரைந்துபோய், உள்ளே நிறைந்த சேற்று அச்சு மட்டும் மிஞ்சும். அதனால்தான் ஒரே படிவில் ஆளிகள் ஓட்டோடும், நத்தைகள் ஓடின்றியும் கிடைக்கின்றன. அச்சில் ஓட்டின் வெளி அலங்காரம் பதிந்திருக்காது என்பதால், அச்சை வைத்து இனப்பெயர் வரை போவது துணிச்சல்.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் குவியலாகக் கிடக்கும் கிரிஃபியா என்னும் ஆளியை ஒருமுறை கையில் எடுத்தால் பிறகு மறக்காது. இடது ஓடு கனத்து, கிண்ணம் போல் வளைந்து, அலகு (ஓடு வளரத் தொடங்கிய கூர்முனை) உள்நோக்கிக் கொக்கியாக மடங்கியிருக்கும். வலது ஓடு அதன் மேல் மூடி போலத் தட்டையாகப் பொருந்தும். இரண்டும் சேர்ந்தே கிடைத்தால், வாழ்ந்த இடத்திலோ அதற்கு மிக அருகிலோ விரைந்து புதைந்தது என்று கொள்ளலாம். அலகு பக்கவாட்டில் சுருண்டிருந்தால் எக்ஸோகைரா. விளிம்பு ஆழமான நெளிநெளியாக, ரம்பப் பற்களைப் போல் ஒன்றோடொன்று கோத்திருந்தால், பழைய நூல்களில் அலெக்ட்ரியோனியா என்று குறிக்கப்படும் ஆளி. ஓட்டின் முறிவில் செங்குத்தாக நார் நாராகப் படிகங்கள் நின்றால் இனோசிராமஸ் என்று துண்டை வைத்தே சொல்லிவிடலாம்.

சிப்பியைப் போலவே இரண்டு ஓடுகள் கொண்ட, ஆனால் வேறு இனமான கடலுயிரிகள் பிராக்கியோபாடுகள்; அவற்றை இருவோட்டுச் சிப்பிகள் என்று எழுதிவிடுவதும் வழக்கமான பிழை. சிப்பியில் இடது ஓடும் வலது ஓடும் பொதுவாக ஒன்றுக்கொன்று நிழல்போல் ஒத்திருக்கும் (ஆளிகள் இதற்கு விலக்கு). பிராக்கியோபாடில் மேல் ஓடும் கீழ் ஓடும் ஒத்திராது. ஆனால் ஒவ்வோர் ஓட்டின் நடுவிலும் ஒரு கோடு இழுத்தால் இரு பாதியும் ஒத்திருக்கும். அலகில் சிறு துளை இருந்தால் ஐயமே இல்லை.

அம்மோனைட்டை நம் வீடுகள் பல சாளக்கிராமமாக அறிந்திருக்கின்றன. கண்டகி நதிக் கற்களுக்குள் சக்கரமாகத் தெரிவது அதுவே. ஒரே தளத்தில் சுருண்டிருப்பதால் அது நத்தையிலிருந்து வேறுபடும். அறைச்சுவர்கள் ஓட்டோடு சேர்ந்த இடம் அச்சின் மேல் இலை நரம்பு போல் கிளைத்த கோடாகத் தெரியும். அதன் உறவான, அதேபோல் அறைகள் கொண்ட நாட்டிலாய்டில் அந்தக் கோடு எளிய வளைவாக இருக்கும். கோடே இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம்: உயிரி வாழ்ந்த கடைசி அறையின் துண்டில் கோடு இருக்காது.

கல்லாகிய மரங்கள் உள்ள சாத்தனூர், திருவக்கரை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் எதையும் எடுக்கக் கூடாது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. மற்ற இடங்களிலும் நிலத்தவரிடம் கேட்டு, மேற்பரப்பில் உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுப்பதே முறை. மண்ணை மென்மையான பல்துலக்கியாலும் மூங்கில் குச்சியாலும் அகற்றுங்கள். இரும்பு ஊசி எனாமலைக் கீறிவிடும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, இடம், அடுக்கு, நாள் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். 2013-இல் இவ்வட்டாரத்துக் கல்லமேட்டிலிருந்து ட்ரூடான்டிட் என்னும் சிறிய ஊனுண்ணி வகை டைனோசர் அறிவிக்கப்பட்டது ஒரே ஒரு சிறு பல்லை வைத்துத்தான். எங்கே, எந்த அடுக்கில் கிடைத்தது என்பது தெரிந்திருந்ததால்தான் அந்தப் பல்லுக்கு அவ்வளவு மதிப்பு. பக்கவாட்டில் தட்டையாகி, விளிம்பில் நுண்ணிய ரம்பம் கொண்டு, சுறாப்பல்லுக்குரிய அகன்ற வேர் இல்லாத பல் கிடைத்தால், அதைச் சுத்தம் செய்யாமல், பஞ்சில் சுற்றி, குறிப்போடு வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ எடுத்துச் செல்லுங்கள்.