அணா சரி, அந்த ‘ணா’ தப்பு: சரித்திரப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். கதை நடப்பது 1952இல். ஒரு காப்பி கிளப் காட்சிக்காக இரண்டு நாள் அலைந்து பித்தளை டபரா, மர பெஞ்சு, சாமி படம் போட்ட காலண்டர் எல்லாம் பிடித்து வந்திருந்தார்கள். சுவரில் விலைப்பலகை: ‘இட்லி 1 அணா’. பைசா என்று போட்டுவிடாமல் அணா என்று போட்டதில் எல்லோருக்கும் பெருமை. பெருமைப்படலாம்தான். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. ஆனால் அந்த ‘ணா’வைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

1952இல் ‘ணா’ இப்படி இருக்காது. ணகரத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கால் போடாமல், எழுத்தோடு சேர்த்தே சுழித்து எழுதுவார்கள். ‘றா’, ‘னா’வுக்கும் அதே கதைதான். ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ நான்குக்கும் தலைக்கு மேல் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். பெரியார் 1935இலேயே தன் பத்திரிகையில் இன்றைய வடிவத்துக்கு மாறிவிட்டார். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை போட்டது 1978இல்தான். ஆகவே கடைக்காரர் தீவிர சுயமரியாதைக்காரர் என்று கதையில் இருந்தாலொழிய, அந்தப் பலகை தப்பு. விலை, வேலை, சாலை, சென்னை, அண்ணா என்று நாம் பலகையில் எழுதுகிற சொற்களில் பாதி இந்த எழுத்துகளில்தான் வந்து விழும்.

கணினியில் தட்டி அச்செடுத்தால் இந்தத் தவறு தானாகவே வந்துவிடும். வழக்கமான எழுத்துருக்களில் பழைய வடிவம் இருக்காது. அந்தக் காலத்துப் பத்திரிகை ஒன்றைக் கையில் கொடுத்து, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் ஒருவரைத் தகரத்தில் எழுதச் சொல்வதுதான் நல்ல வழி. ஃபிளெக்ஸில் அடித்து மேலே துரு வண்ணம் பூசினால் கேமராவுக்குத் தெரிந்துவிடும்.

பெரிய படங்களிலும் இதே சிக்கல்தான். கிரீடம், வாள், சிம்மாசனம் என்றால் பத்துப் பேர் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வார்கள். இதற்கும் ஒரு வரலாறு இருக்கும் என்று யாருக்கும் தோன்றாத பொருளில்தான் காலை விடுவார்கள். உதாரணம், மிளகாய்.

ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. கொலம்பஸ் அமெரிக்கா போனது 1492இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். மிளகாய் அதற்குப் பிறகு போர்ச்சுகீசியர் கப்பலில் வந்த சரக்கு. சோழர் காலத்து ஊரைக் காட்டும்போது முற்றத்தில் சிவப்பாக மிளகாய் காய்ந்தால் ஐந்நூறு வருடம் பிசகு. காரம் வேண்டுமா, மிளகு இருக்கிறது. அந்தப் பெயரே சாட்சி: மிளகு மாதிரி உறைக்கிற காய் என்பதால்தான் அது மிளகாய். தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரி, மக்காச்சோளம் எல்லாமே அந்தப் பக்கத்துச் சரக்குதான். அந்தப்புரத்தில் தோழி ஏந்தி வரும் பழத்தட்டு இன்னும் ஆபத்து. அழகாக இருக்கிறதே என்று நடுவில் ஒரு அன்னாசியை நிறுத்தி, சுற்றிலும் கொய்யாவும் பப்பாளியும் அடுக்கிவிடுவார்கள். மா, பலா, வாழை போதாதா?

அடுத்தது வெளிப்புறப் படப்பிடிப்பு. போர்க்களத்துக்குப் பின்னால் தெரியும் மின்கம்பத்தை சிஜியில் (கணினி வரைகலையில்) அழிக்கத் தயாரிப்பாளர் பணம் கொடுப்பார். பக்கத்தில் நிற்கும் தைல மரத்தை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அது ஆஸ்திரேலிய மரம். சீமைக் கருவேலத்தின் பெயரிலேயே சீமை இருக்கிறது. சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. இளவரசி படகில் போகும் நீரில் ஊதாப் பூவோடு மிதக்கும் ஆகாயத்தாமரைக்குச் சொந்த ஊர் தென்னமெரிக்கா. லொக்கேஷன் பார்க்கப் போகும்போது தாவரங்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனால் சிஜி செலவே பாதி மிச்சம்.

கோயிலையும் சொல்ல வேண்டும். வண்ணம் பூசிய, வானளாவிய ராஜகோபுரத்தைக் காட்டிவிட்டு ‘பத்தாம் நூற்றாண்டு’ என்று எழுத்துப் போடக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலில் உயரமானது கருவறை மேல் நிற்கும் விமானம். வாசல் கோபுரங்கள் அதைவிடச் சிறியவை. கோபுரங்கள் இவ்வளவு உயரத்துக்கு வளர்ந்ததெல்லாம் பின்னால்தான். மதுரையின் தெற்குக் கோபுரம் பதினாறாம் நூற்றாண்டு. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் கட்டி முடிந்தது 1987இல்! தஞ்சையில் இன்று நாம் பார்க்கும் பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தது. ராஜராஜன் அதன் முன் நின்று வணங்குகிற மாதிரி காட்சி வைத்தால் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் நடந்திருக்காது.

வசனத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். பதினோராம் நூற்றாண்டுத் தமிழை அப்படியே பேசினால் தியேட்டரில் நாம்தான் முழிப்போம். அது இயக்குநரின் தேர்வு. தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற வசனமெல்லாம் தூய தமிழில் போய்க்கொண்டிருக்கும்போது தளபதி ‘சபாஷ்!’ என்றால் இடிக்கும். அது பாரசீகச் சொல். ‘தேர் தயார்’ என்பதும் அந்தப் பக்கத்து வரவுதான், ‘ஆயத்தம்’ இருக்கிறதே. ஜன்னலும் சாவியும் போர்ச்சுகீசியர் விட்டுப்போனவை. சாளரம், திறவுகோல் என்று மாற்ற ஒரு நிமிடம் போதும். ஓலையை மட்டும் குளோசப்பில் காட்டாதீர்கள். இன்றைய எழுத்தில், மெய்க்கெல்லாம் ஒழுங்காகப் புள்ளி வைத்து எழுதிய சோழர் ஓலையைக் கல்வெட்டு படித்த யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

சமீபத்திய காலத்துக் கதை சுலபம் என்று நினைக்காதீர்கள், அங்கேதான் நேரில் பார்த்த சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள். 1985இல் நடக்கும் கதையில் காரின் நம்பர் பலகை ‘டிஎன் 09’ என்று தொடங்கினால் கூட்டத்தில் ஒரு மாமா கட்டாயம் எழுந்துவிடுவார். அந்த முறை வந்தது 1989 ஜூலையில். அதற்கு முன் டிஎம்எக்ஸ், எம்எஸ்வி மாதிரி மூன்று எழுத்தும் பிறகு எண்ணும். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகுதான், அதுவரை ‘சென்னை-4’. 1947 ஜூலைக்கு முன் நடக்கும் ஊர்வலத்தில் மூவர்ணக் கொடியின் நடுவில் அசோகச் சக்கரம் இருக்கக் கூடாது, ராட்டை இருக்க வேண்டும். ‘தமிழ்நாடு அரசு’ 1969 ஜனவரியிலிருந்து. அதற்காக, 1996க்கு முன் ‘சென்னை’ என்றே எழுதக் கூடாது என்று கிளம்பிவிடாதீர்கள். மாறியது ஆங்கிலப் பெயர். தமிழில் முன்பும் சென்னைதான்.

கன்டினியூட்டி தவறு, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் மாறிப்போவது, வேறு வகை. அதற்கு வரலாறு தெரிய வேண்டாம், நோட்டும் கண்ணும் போதும். காட்சிகளை வரிசையாக எடுப்பதில்லை என்பதால், காலையில் எடுத்த ஷாட்டுக்கு அடுத்த ஷாட்டை மூன்று வாரம் கழித்து எடுப்பார்கள். இடது தோளில் இருந்த வெட்டுக்காயம் அதற்குள் வலது தோளுக்குக் குடிபெயர்ந்திருக்கும். மிக மோசமானது சாப்பாட்டுக் காட்சி. இலையில் சோறு குறையும், அடுத்த ஷாட்டில் கூடும், அப்பளம் உடையும், மறுபடி முழுசாக வரும். எந்த வார்த்தையில் கவளம் எடுத்தார், எந்தக் கூட்டில் கை வைத்தார் என்று உதவி இயக்குநர் வசனத் தாளிலேயே குறித்து, ஒவ்வொரு டேக் முடிந்ததும் இலையை மேலிருந்து போட்டோ எடுக்க வேண்டும். நடிகரிடமும் சொல்லிவிடுங்கள்: நிறையப் பிசையுங்கள், குறைவாகச் சாப்பிடுங்கள். பத்தாவது டேக்கில் அவரே நன்றி சொல்வார்.

நிலவையும் யாராவது ஒருவர் கவனிக்கட்டும். தீபாவளி இரவுக் காட்சியில் முழுநிலா காய்ந்தால், அது அமாவாசையை ஒட்டி வருகிற பண்டிகை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்புறம், மேக்கப் அறையிலேயே முடித்துவிட வேண்டிய ஒரு வேலை: அரசர் வேடம் போடுகிறவரின் மேல்கை. அம்மைத் தடுப்பூசி 1796இல் ஜென்னர் தொடங்கி வைத்தது. காசநோய்க்குப் போடும் பிசிஜி தடுப்பூசி இருபதாம் நூற்றாண்டு. திறந்த தோளோடு வாளை உயர்த்திச் சோழ மன்னர் படைக்கு ஆணையிடும்போது, ஊசி போட்ட அந்த வட்டத் தழும்பு குளோசப்பில் பளிச்சென்று தெரியும். தோள்வளையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள்.