விளக்கு எரியும் முன்பே கோளாறைக் காட்டும் மோட் 06

செக் என்ஜின் விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காரில் பழுதே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. பெரும்பாலான கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் (என்ஜினை இயக்கி, ஓட்டி, அணைப்பது ஓர் ஓட்டம்) தென்பட்டால்தான் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அந்த விளக்கை எரியவிடும். அதற்கு முன்பே, அது நடத்திய சோதனைகளின் முடிவுகள், காரில் இணைத்துப் பழுதைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் மோட் 06 என்ற பகுதியில் எண்களாகக் கிடைக்கின்றன. பல பட்டறைகளில் யாரும் திறந்து பார்க்காத இந்தப் பகுதியைப் படிக்கப் பழகிக்கொண்டால், தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவு வெகுவாகக் குறையும்.

ஸ்கேனரை இணைத்ததும் கோளாறு குறியீடுகளையும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரங்களையும் (கோளாறு பதிவான நொடியில் என்ஜின் இருந்த நிலை) குறித்துக்கொள்ளுங்கள். குறியீட்டை அழித்தால் இவற்றோடு மோட் 06 முடிவுகளும் போய்விடும் என்பதால், அழிப்பது எப்போதும் கடைசி வேலையாகவே இருக்க வேண்டும். மோட் 06இல் ஒவ்வொரு சோதனைக்கும் கிடைத்த அளவு, கீழ் வரம்பு, மேல் வரம்பு ஆகியவை இருக்கும். அளவு வரம்புக்குள் இருந்தாலும் விளிம்பை ஒட்டி நின்றால் அந்த பாகத்தைக் கவனிக்க வேண்டும். அளவும் வரம்புகளும் பூஜ்யமாக இருந்தால், அந்தச் சோதனை இன்னும் நடக்கவில்லை என்றே பொருள். அதைத் தேர்ச்சியாக எண்ணிவிடாதீர்கள்.

மிகவும் பயன்படுவது மிஸ்ஃபயர் கணக்குதான், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் தவறிய எண்ணிக்கை. கேன் (காரின் கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறும் இணைப்பு) உள்ள கார்களில், ஸ்கேனர் திரையில் ஏ2 (A2) என்ற வரிசை முதலாம் சிலிண்டரையும், ஏ3 இரண்டாவதையும், ஏ4 மூன்றாவதையும் குறிக்கும். அவற்றின் கீழ் 0பி (0B) என்பது கடந்த 10 ஓட்டங்களின் சராசரி. 0சி (0C) என்பது நடப்பு ஓட்டத்தின் அல்லது கடைசி ஓட்டத்தின் எண்ணிக்கை. பல கார்களில் மேல் வரம்பு 65535 என்று இருப்பதால், வரம்போடு ஒப்பிடுவதில் பயனில்லை. சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மற்றவை பூஜ்யத்தில் இருக்க ஏ3இல் மட்டும் 40 என்று இருந்தால், இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) மூன்றாவதற்கு மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கை ஏ4க்குத் தாவினால் பழுது காயிலில்தான். அங்கேயே நின்றால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகச் சோதியுங்கள்.

புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் வரிசையில் அளவின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், அந்தக் காரின் சர்வீஸ் கையேடு இல்லாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் அந்த அளவு கெட்டுப்போகும். விலை உயர்ந்த பாகம் என்பதால் கசிவை முதலில் பார்ப்பது நல்லது. பழுது பார்த்தபின் காரை ஓட்டி, அதே வரிசையில் புதிய அளவு பதிவானதைப் பார்த்த பிறகே உரிமையாளரிடம் ஒப்படையுங்கள்.