ஓட்டுநர் இல்லா வண்டிக்குத் தயாராகும் நகரங்கள் எங்கே சறுக்குகின்றன?

2025 டிசம்பர் 20, சனிக்கிழமை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு துணை மின்நிலையம் தீப்பிடித்ததால் நகரின் பல பகுதிகளில் கரண்ட் போய்விட்டது. சிக்னல் அணைந்த சந்திப்புகளில் வேமோ நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லா டாக்சிகள் அபாய விளக்கை மினுக்கியபடி நடுவழியில் நின்றன. மனிதர்கள் ஓட்டிய கார்கள் அவற்றைச் சுற்றி வளைந்து போயின. சிக்னல் எரியாவிட்டால் நாலு பக்கமும் நின்று பார்த்துப் போக வேண்டும் என்ற விதி அந்த வண்டிகளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சில நேரங்களில் ‘போகலாமா?’ என்று தொலைவில் இருக்கும் பணியாளரிடம் உறுதி கேட்கும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன. இத்தனை சந்திப்புகள் ஒரே நேரத்தில் இருண்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன, பதில் வரத் தாமதமானது.

நிறுவனத்தைத் திட்டுவது சுலபம். திட்டவும் வேண்டும். ஆனால் நகரத்தின் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது: அந்தச் சிக்னல்கள் ஏன் அணைந்தன? எல்.இ.டி. சிக்னல் இழுக்கும் மின்சாரம் பழைய குண்டு பல்பு இழுத்ததில் ஒரு சிறு பங்குதான். முக்கியச் சந்திப்பில் ஒரு பேட்டரிப் பெட்டி வைத்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ‘ஸ்மார்ட் நகரம்’ என்று கிளம்பும் பல நகரங்களின் திட்ட அறிக்கையில் சென்சார், கேமரா, பெரிய திரைகள் வைத்த கட்டுப்பாட்டு அறை எல்லாம் இருக்கும். இந்தப் பேட்டரி மட்டும் இருக்காது. என் கணிப்பில், இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். புதியதை வாங்குவதில் இருக்கும் ஆர்வம், ஏற்கெனவே இருப்பதைச் சரியாக வைத்திருப்பதில் இருப்பதில்லை.

சாலையில் வரையும் கோடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இல்லா டாக்சிகள் லிடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி), ரேடார், துல்லியமான வரைபடம் என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன. ஆனால் இன்று கடையில் வாங்கும் சாதாரணக் காரில் வரும், வண்டி தன் தடத்தை விட்டு விலகாமல் காக்கும் வசதிக்குக் கேமராவில் தெரியும் கோடுதான் பெரிய துணை. பாதையை மாற்றி அமைக்கும்போது பழைய கோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் கறுப்புப் பெயின்ட் பூசிவிடுவார்கள். வெயில் நேரத்தில் ஒன்றும் தெரியாது. மழை ஓய்ந்து, சாய்ந்த வெளிச்சம் விழும்போது பார்த்தால் அந்தக் கறுப்புக் கோடு பளபளவென்று மின்னும், புதிதாய்ப் போட்ட வெள்ளைக் கோடு ஈரத்தில் மங்கிக் கிடக்கும். மனிதக் கண்ணே ஒரு நொடி தடுமாறும் இடம் அது. இங்கே தேவைப்படுவது பழைய கோட்டை முழுதாக நீக்கச் சொல்லும் ஒரு வரி ஒப்பந்த நிபந்தனை, அதைப் போய்ப் பார்க்க ஒரு பொறியாளர். வேறொன்றும் இல்லை.

சாலை வேலை பற்றிய தகவலும் இப்படித்தான். 2023 ஆகஸ்டில் அதே சான் பிரான்சிஸ்கோவில் குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லா கார் ஒன்று, புதிதாகப் போட்டு இன்னும் காயாத கான்கிரீட்டுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. எந்தத் தெரு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மூடப்படுகிறது என்ற விவரம் பெரும்பாலான நகரங்களில் யாரோ ஒருவரின் கோப்பில் இருக்கிறது. குடிநீர்த் துறைக்கு ஒரு பட்டியல், மின்துறைக்கு ஒன்று, தொலைபேசி கேபிள் போடுபவருக்கு இன்னொன்று. ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது. இவற்றை ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில், அன்றன்றைக்கு வெளியிடும் நகரம் பாதித் தூரம் கடந்துவிட்டது என்பேன். அதனால் ஓட்டுநர் இல்லா வண்டிக்கு மட்டுமா நன்மை? ஆம்புலன்ஸும் பஸ்ஸும் அதே தகவலைத்தானே தேடுகின்றன.

அடுத்தது, ஒரே தொழில்நுட்பத்தில் பணத்தைப் புதைப்பது. வண்டிகளும் சாலையோரக் கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம் 1999-இல் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 75 மெகாஹெர்ட்ஸை ஒதுக்கியது. அதை நம்பிப் பல நகரங்கள் கம்பங்களில் கருவிகளைப் பொருத்தின. கார்களில் அந்த ரேடியோ பரவலாக வரவே இல்லை. 2020 நவம்பரில் அதே ஆணையம் அந்த அலைவரிசையில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மீதி முப்பதை வேறொரு தொழில்நுட்பத்துக்கு மாற்றியது. பொருத்திய கருவிகள் பழசாகிப்போயின. இதற்கிடையே ஓட்டுநர் இல்லா டாக்சிகள், சாலை தங்களோடு பேசும் என்று காத்திராமல், எல்லாவற்றையும் தம் கூரையிலேயே சுமந்துகொண்டு தெருவுக்கு வந்துவிட்டன. கம்பத்தின் தலையில் மாட்டும் பெட்டி சில வருடங்களில் மாறிவிடும். மண்ணுக்கடியில் போகும் கேபிள் குழாயும் ஃபைபரும் மின் இணைப்பும் பல பத்தாண்டுகள் நிற்கும். எப்படியும் சாலையைத் தோண்டுகிறீர்கள், அப்போதே காலிக் குழாய் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நகரங்களின் மெத்தனம் சில நேரம் சிரிப்பை வரவழைக்கும். 2014-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாலைத் துறையின் ஒத்துழைப்போடு, கிட்டத்தட்ட 100 சிக்னல்களை இணைத்த ஒரு வயர்லெஸ் வலையமைப்பைச் சோதித்தார்கள். தகவல் எதுவும் குறியாக்கம் செய்யப்படவில்லை, தயாரிப்பாளர் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டைக்கூட யாரும் மாற்றவில்லை. உள்ளே நுழைந்து நினைத்தபடி விளக்கை மாற்ற முடிந்தது. முடியாமல் போனது ஒன்றே ஒன்று: எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை காட்டுவது. அதைத் தடுத்தது மென்பொருள் இல்லை. சந்திப்பில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய பாணிப் பாதுகாப்புக் கருவி. நவீனப்படுத்துகிறேன் என்று அந்த மாதிரி ஊமைக் கருவிகளைக் கழற்றி எறிபவர்களை நம்பாதீர்கள். 2017 ஏப்ரலில் டாலஸ் நகரின் 156 அவசரகாலச் சைரன்களையும் யாரோ நள்ளிரவை ஒட்டி அலற வைத்த கதையும் உண்டு.

அப்புறம், படம் பிடிக்க மட்டுமே நடத்தும் சோதனை ஓட்டம். 2017 நவம்பரில் லாஸ் வேகஸில் ஓட்டுநர் இல்லா சிறு பஸ் ஒன்றைக் கொடியசைத்துத் தொடங்கினார்கள். முதல் நாளே, பின்னோக்கி வந்த லாரி ஒன்று அதன்மேல் மெதுவாக உரசியது. தவறு லாரிக்காரருடையதுதான். ஆனால் அந்த பஸ் நின்றது நின்றபடி இருந்தது. நாமாக இருந்தால் ஹாரனை அழுத்தியிருப்போம், கொஞ்சம் பின்னால் நகர்ந்திருப்போம். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 2020 பிப்ரவரியில், மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்த இதே மாதிரி வண்டி சட்டென்று நின்றதில் ஒரு பயணி இருக்கையிலிருந்து விழுந்தார், சேவை நின்றது. பிறகு கொரோனா காலத்தில் அதே வண்டியை உணவுப் பெட்டிகள் கொண்டுபோகப் பயன்படுத்தினார்கள். மோசமில்லை. சோதனை என்றால் என்ன தெரிந்துகொள்ள வேண்டும், எது நடந்தால் நிறுத்த வேண்டும் என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

நெரிசல் தானாகக் குறைந்துவிடும் என்று நம்புவது இன்னொரு தவறு, இது கொஞ்சம் ஆபத்தானதும்கூட. கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் 13 பேருக்கு ஒரு வாரம் இலவசமாக ஓட்டுநரைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர் இல்லாக் கார் சொந்தமாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு ஒத்திகை. அவர்களுடைய கார்கள் ஓடிய தூரம் 83 சதவீதம் கூடியது. ஓட்டும் சிரமம் இல்லையென்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? கடைக்கு ஒரு நடை, நண்பரைக் கொண்டுவிட ஒரு நடை, ஆள் இல்லாமலே வீடு திரும்ப ஒரு நடை. 13 பேர் சின்ன எண்ணிக்கைதான், ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிகிறது. காலி வண்டி சுற்றுவதற்குக் கட்டணம், ஏற்றி இறக்கத் தனி இடம், பஸ் தடத்துக்குக் காவல் எல்லாம் வண்டிகள் பெருகுவதற்கு முன்பே வர வேண்டும். பழகிய சலுகையை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

கேமரா வைக்கும் முன் மக்களிடம் கேட்காததைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. சான் டியாகோவில் போக்குவரத்தை அளக்க என்று வைத்த தெருவிளக்குக் கேமராக்களின் காட்சிகளைப் போலீஸ் பயன்படுத்தியது வெளியே வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. 2020-இல் மேயர் அவற்றை அணைக்கச் சொன்னார். எதற்காக எடுக்கிறோம், எத்தனை நாள் வைப்போம், யாருக்குத் தருவோம் என்பது முதல் கம்பம் நடும் முன் எழுதப்பட வேண்டிய விதி.

கடைசியாக, யாரைக் கூப்பிடுவது? ஓட்டுநர் இல்லாத கார் தப்பான திருப்பம் எடுத்தால் அபராதச் சீட்டை யார் கையில் கொடுப்பது என்பதே கலிபோர்னியாவில் பல வருடம் தீராத சிக்கலாக இருந்தது. நிறுவனத்துக்கே விதிமீறல் அறிவிப்பு அனுப்ப வழிசெய்யும் சட்டம் 2024-இல் நிறைவேறி, 2026 ஜூலை 1 முதல் நடைமுறை என்று குறித்தார்கள். 2023 அக்டோபரில் குரூஸ் கார் ஒன்று, வேறொரு கார் மோதித் தன் முன்னே வந்து விழுந்த பெண்ணை இடித்து, சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அதன்பின் நிறுவனம் நடந்ததை முழுதாகச் சொல்லாமல் விட்டது. அதனால் விபத்துப் பதிவுகள் எத்தனை மணி நேரத்தில், யார் கைக்கு வர வேண்டும் என்பதை அனுமதிப் பத்திரத்திலேயே எழுதுங்கள். தீயணைப்புப் படைக்கு இரவு இரண்டு மணிக்கும் மனிதர் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். வண்டி வருமுன் ஒருநாள் அவர்களைக் காலி மைதானத்துக்கு அழைத்து, கதவை எப்படித் திறப்பது, மின்சாரத்தை எங்கே துண்டிப்பது, தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்மேல் ஏறி நிற்கும் காரை எப்படித் தள்ளுவது என்று கையால் செய்து பார்க்க வையுங்கள்.