கடலடி வெந்நீர் ஊற்றைத் தேடக் கற்றுக்கொள்ளலாம்: ஒரு ஜாடி, கொஞ்சம் கேசரிப் பவுடர்

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கூகுள் எர்த்தில் மதுரையிலிருந்து தென்மேற்காக, மாலத்தீவையும் தாண்டிப் போங்கள். கடல் தரையில் நீளமாக ஒரு மலைத்தொடர் தெரியும். அங்கே பூமியின் மேலோட்டுத் துண்டுகளான நிலத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. விரிசல் வழியே உள்ளே இறங்கும் கடல்நீர், கீழே சூடேறி, பாறையிலுள்ள இரும்பு, செம்பு போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு மேலே பீறிடுகிறது. சில ஊற்றுகளில் சூடு 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் அதிகம் என்பதால் கொதிக்காது. சுற்றியுள்ள 2 டிகிரித் தண்ணீரில் பட்டதும் உலோக சல்பைடுகள் துகளாகப் பிரிந்து கரும்புகையாகத் தெரிகின்றன.

அடுத்து செய்முறை. பெரிய கண்ணாடி ஜாடியில் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில் மதுரை மாடித் தொட்டித் தண்ணீர் குழாயிலேயே சூடாக வரும். அதில் செய்தால் சரியாகத் தெரியாது. பானைத் தண்ணீரில் ஐஸ் போட்டு, கரைந்து அசைவு அடங்கும்வரை விடுங்கள். சின்ன மருந்துக் குப்பிக்குள் கனத்துக்கு இரண்டு கூழாங்கல் போட்டு, கேசரிப் பவுடர் கலந்த வெந்நீரை விளிம்புவரை ஊற்றுங்கள் (பிள்ளைகள் செய்தால் பெரியவர்கள் ஊற்றட்டும்). வாயை அலுமினியத் தாளால் மூடி, ரப்பர் பேண்ட் மாட்டி, இரண்டு துளை போடுங்கள். கழுத்தில் நூல் கட்டி மெதுவாக அடியில் இறக்குங்கள்.

ஆரஞ்சு நிறம் ஒரு துளையில் சுருண்டு சுருண்டு மேலேறும். வெளியேறியதற்கு ஈடாகக் குளிர்ந்த நீர் உள்ளே போகிறது. இரண்டு துளை கேட்டது அதற்குத்தான். அப்புறம் அதே குப்பியில் குளிர்ந்த நிறத்தண்ணீரை நிரப்பி இறக்குங்கள். நிறம் உள்ளேயே கிடக்கும். இந்த இரண்டாவது சோதனையை விடவே கூடாது. ஏறுவதற்குக் காரணம் சூடுதான் என்று காட்டுவது இதுதான்.

ஜாடியில் நிறம் மேற்பரப்பை எட்டிவிடும், கடலில் அப்படி இல்லை. புகை சில நூறு மீட்டர் ஏறுவதற்குள் குளிர்நீரோடு கலந்து, சுற்றியுள்ள நீரின் அடர்த்திக்கே வந்து, பக்கவாட்டில் பரவும். ஊற்றின் வாய் சின்னது, பரவிய புகையோ கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். அதனால் ஆய்வாளர்கள் முதலில் புகையைத்தான் தேடுகிறார்கள்: கப்பலிலிருந்து கருவியை இறக்கி, நீரின் கலங்கலையும் டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்கான சூட்டு மாற்றத்தையும் அளப்பார்கள். 2024 டிசம்பரில் சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ, கடல் ஆய்வு மையமும் இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்து ஊற்றைப் படமெடுத்ததாக அறிவித்தன. ஆளில்லாக் கலம்தான் இறங்கியது.

நிறத்தை நடுவிலேயே நிறுத்த முடியுமா? ஜாடியின் அடிப்பாதியில் உப்புத்தண்ணீர் விட்டு, அதன்மேல் சாதாரணத் தண்ணீரைக் கரண்டி வழியாக மெல்ல ஊற்றுங்கள். குப்பியில் மறுபடி நிற வெந்நீரை நிரப்பி அடியில் இறக்குங்கள். அந்த வெந்நீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் நிறம் எந்த உயரத்தில் பரவுகிறது என்று நோட்டில் குறித்து வாருங்கள்.