தூரத்து மலைக்குப் பச்சை வேண்டாம்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலையை வாட்டர்கலரில் வரையும்போது, கடைசி மலைவரிசைக்குப் பச்சை டியூபைத் தொடாதீர்கள். அல்ட்ராமரீன் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து, நிறையத் தண்ணீர் விட்டுப் பூசுங்கள். அது காய்ந்த பிறகு, அதற்கு முன்னால் உள்ள வரிசைக்கு அதே கலவைதான், தண்ணீர் மட்டும் கொஞ்சம் குறைவாக. பச்சையை முன்னால் நிற்கும் மரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கிறது. தூரம் கூடக் கூட அந்த நீலப் படலம் தடித்து, காட்டின் பச்சையும் நிழலின் கருமையும் அதற்குள் மங்கிவிடும். ‘காடு என்றால் பச்சை’ என்று மூளை சொல்வதைக் கேட்டால், மலை நம் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிடும்!

மழை விட்ட கையோடு வரைந்தால் இது சரிவராது. தூசியெல்லாம் அடங்கி, மலை பச்சையாகவே பக்கத்தில் தெரியும். ஏற்காடு ஏரிக்கரையில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். எதிர்க்கரை மரங்கள் நீலமாகும் அளவுக்குத் தூரத்தில் இல்லை.